ஐந்து மணிக்கு மாத்திரை, பதினொரு மணிக்கு இட்லி

கேள்வி: எனக்கு வயது 53. அரசுப் பள்ளி ஆசிரியை. ஈரோட்டுப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு நெஞ்செரிச்சல் தாங்காமல் எண்டோஸ்கோபி பார்த்ததில், உணவுக்குழாயில் புண், ‘கிரேடு சி’ என்று எழுதிக் கொடுத்தார்கள். பான்டோபிரசோல் 40 தினமும் ஒன்று, நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர். தைராய்டு மாத்திரையும் உண்டு. காலை 5 மணிக்கு எழுந்ததும் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுவேன். டிபன் பள்ளி இடைவேளையில்தான், மணி பதினொன்று ஆகிவிடும். எரிச்சல் இல்லாத நாட்களில் மாத்திரையை விட்டுவிடுவேன். கேஸ் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து மகன் நிறுத்தச் சொன்னான். சில முறை நிறுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு வாரத்துக்குள் முன்னைவிட மோசமாக எரிந்தது. இதற்கு அடிமையாகிவிட்டேனா? மறுபடி எண்டோஸ்கோபி பார்க்க வேண்டுமா? என் வீட்டுக்காரருக்கும் மாடி ஏறினால் நெஞ்சு எரிகிறதாம். என் மாத்திரையில் ஒன்றை அவ்வப்போது எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.

பதில்: கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், டீச்சர். அவை காத்திருக்கக் கூடாது. உங்கள் வீட்டுக்காரருக்கு வருவதை வயிற்றுக் கோளாறு என்று முடிவு கட்டாதீர்கள். சாப்பிட்ட பிறகு, குனிந்தால், படுத்தால் வருவது எதுக்களிப்பு. மாடி ஏறினால், வேகமாக நடந்தால், சிலிண்டரைத் தூக்கினால் வந்து, கொஞ்சம் நின்றால் அடங்கும் எரிச்சல் இதய ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். இன்றே டாக்டரிடம் அழைத்துப்போய் ஈசிஜி எடுங்கள். உட்கார்ந்திருக்கும்போது எடுத்த ஈசிஜி சரியாக இருந்தாலும் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். ‘படியேறினால் வருகிறது, நின்றால் போகிறது’ என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அடுத்த சோதனை தேவையா என்பதை அந்த ஒரு வரிதான் முடிவு செய்யும். சும்மா இருக்கும்போதே எரிச்சலோ அழுத்தமோ வந்து, அடங்காமல், கூடவே வியர்வை, மூச்சுத் திணறல், தாடை வலி, கைவலி என்று எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். வாய்வுப் பிடிப்பு என்று சோடாவும் ஈனோவும் குடித்து இரவைக் கழித்துவிட்டு, விடிந்தபின் மாரடைப்போடு வருகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறோம். அடைப்பைக் கரைக்க இருந்த நல்ல நேரம் அதற்குள் போயிருக்கும்.

இனி உங்கள் விஷயம். நீங்கள் அடிமையாகவில்லை. மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் இப்போது சாப்பிடுகிற முறையில் அது பாதி வேலைகூடச் செய்வதில்லை. விடாமல் போட்டுக்கொள்ளும் நாட்களிலும் இதே கதைதான்.

காரணம் இந்த மருந்து வேலை செய்யும் விதம். பான்டோபிரசோல், ஓமெப்ரசோல், ரபிப்ரசோல், ஈசோமெப்ரசோல் எல்லாம் ஒரே குடும்பம். ஜெலுசில், டைஜீன் மாதிரி வயிற்றில் இறங்கி அமிலத்தை நேரடியாக முறிப்பவை அல்ல. மேல்பூச்சு கரையாமல் இரைப்பையைத் தாண்டி, குடலில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, சுற்றி வந்து இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்களை அடைகின்றன. அந்தச் செல்களில்தான் அமிலத்தை வெளியே தள்ளும் புரோட்டான் பம்ப்புகள் இருக்கின்றன. மருந்து அவற்றைப் பூட்டிவிடும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பம்ப்பை மட்டும்தான் பூட்ட முடியும். வெறும் வயிற்றில் பெரும்பாலான பம்ப்புகள் சும்மா கிடக்கும். அவற்றை எழுப்புவது சாப்பாடு. பால் விட்ட காபி கொஞ்சம் எழுப்பும், முழுசாக எழுப்பாது.

இப்போது உங்கள் காலைப் பொழுதைக் கணக்குப் போடுங்கள். 5 மணிக்குப் போட்ட மாத்திரை ஏழு, ஏழரைக்கு ரத்தத்தில் உச்சத்துக்கு வரும். அப்போது நீங்கள் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறீர்கள். பான்டோபிரசோலின் அளவு ரத்தத்தில் ஏறக்குறைய மணிக்கு மணி பாதியாகக் குறைந்துகொண்டே போகும். பத்து, பத்தரைக்குள் பெரும்பகுதி வெளியேறிவிடும். பதினொரு மணிக்கு நீங்கள் இட்லி டப்பாவைத் திறக்கும்போது பம்ப்புகள் எல்லாம் விழித்துக்கொள்கின்றன. மருந்து வந்து கதவைத் தட்டிவிட்டுப் போன பிறகு வீட்டார் கண் விழித்த கதை.

இது உங்கள் ஒருவருடைய சிக்கல் இல்லை. மாத்திரை சாப்பிட்டும் எரிச்சல் அடங்கவில்லை என்று சொன்ன 100 பேரிடம் அவர்கள் அதை எப்போது, எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்து அமெரிக்காவில் 2006-ல் ஒரு ஆய்வு வெளியானது. சரியாகச் சாப்பிட்டவர்கள் 46 பேர்தான். மற்றவர்கள் படுக்கப் போகும்போது, சாப்பிட்ட பின், வலித்தால் மட்டும் என்று அவரவர் வசதிக்குப் போட்டுக்கொண்டார்கள். நம் ஊரில் கேட்டால் 46 தேறுவதே கஷ்டம் என்பது என் எண்ணம். இங்கே மருந்துக்கடைக் கவரில் 1-0-0 என்று பேனாவால் கிறுக்கியிருக்கும். அந்த ஒன்றுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று யாரும் எழுதுவதில்லை.

அரை மணி முதல் ஒரு மணி நேரம். அவ்வளவுதான் விதி. அன்றைய முதல் பெரிய சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் மாத்திரை, பிறகு கட்டாயம் சாப்பாடு. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பதும், சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுவதும் ஒன்றுபோல வீண்.

உங்களுக்குத் தைராய்டு மாத்திரையும் இருப்பதால் காலை நேரத்தில் நெரிசல். இப்படிப் பிரித்துப் பாருங்கள்: 5 மணிக்குத் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரில். ஒரு மணி நேரம் கழித்துக் காபி. ஆறேகாலுக்கு, இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றும்போது பான்டோபிரசோல். இட்லி வெந்து, சட்னி அரைத்து, டப்பா கட்டி முடிப்பதற்குள் அரை மணி தானாக ஓடிவிடும். பஸ் ஏறும் முன் நின்றபடியாவது இரண்டு இட்லி சாப்பிட்டுவிடுங்கள். காலையில் வாயில் எதுவும் இறங்காது என்பவராக இருந்தால் மாத்திரையைப் பள்ளிக்குக் கொண்டுபோய் இடைவேளைக்கு அரை மணி முன்னால், வகுப்பிலேயே, ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கலாம். எனக்கு முதல் வழிதான் பிடித்திருக்கிறது. பள்ளி வழக்கம் சனி ஞாயிறுகளில் தவறிவிடும். இட்லிப் பானை விடுமுறை எடுப்பதில்லை. மாத்திரை அட்டையைச் சாமி அலமாரியிலும் கைப்பையிலும் வைக்காமல் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில், ஆவி படாத இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று. வயிற்றில் அமிலம் குறைந்தால் தைராய்டு மருந்து சிலருக்குச் சரியாக உடம்பில் சேராது. இனிமேல் நீங்கள் பான்டோபிரசோலை ஒழுங்காகச் சாப்பிடப் போகிறீர்கள் என்பதால், ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஒரு முறை டிஎஸ்எச் பார்த்து, தேவைப்பட்டால் தைராய்டு அளவை மாற்றச் சொல்லுங்கள். எரிச்சலுக்கு இடையில் சிரப் ஏதாவது குடித்தால், தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

வேறு வேலை நேரம் உள்ள வாசகர்கள் ‘காலை’ என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். திருப்பூரில் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்து, மதியம் எழுந்து சாப்பிடுகிறவருக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால்தான் மாத்திரை. ஒரு நாளைக்கு இரண்டு என்று எழுதியிருந்தால் இரண்டாவது, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால். படுக்கையில் அல்ல. மாத்திரையை உடைக்கவோ, பொடிக்கவோ, மெல்லவோ கூடாது. மேல்பூச்சு போனால் இரைப்பை அமிலமே மருந்தை அழித்துவிடும். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். நேற்றைக்கும் சேர்த்து இரண்டு என்று வேண்டாம்.

எரிச்சல் இல்லாத நாளில் ஏன் சாப்பிட வேண்டும் என்பது உங்கள் கேள்வியின் நடுவில் ஒளிந்திருக்கிறது. பூட்டிய பம்ப் மறுபடி திறப்பதில்லை. ஆனால் உடம்பு தினமும் புதுப் பம்ப்புகளைச் செய்துகொண்டே இருக்கும். அதனால் முதல் நாள் மாத்திரையில் முழுப் பலன் கிடைக்காது. தொடர்ந்து 3 முதல் 5 நாள் சாப்பிட்டால்தான் அமிலம் நன்றாக அடங்கும். நாலு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறவர் ஒவ்வொரு முறையும் முதல் நாளிலேயே நிற்கிறார்.

அதைவிட முக்கியம், எரிச்சலும் புண்ணும் சேர்ந்தே வருவதில்லை. கிரேடு சி என்றால் புண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து படர்ந்துவிட்டன, ஆனால் உணவுக்குழாயின் சுற்றளவில் முக்கால் பங்கை எட்டவில்லை என்று பொருள். முக்காலைத் தாண்டினால் கிரேடு டி. இந்த இரண்டு நிலைகளிலும் மருந்தை விட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் புண் திரும்பிவிடும். எரிச்சல் இல்லாமலேகூடத் திரும்பலாம். ஆறிப் புண்ணாகி, மறுபடி ஆறித் தழும்பேறி, ஒரு நாள் தோசையோ கறித்துண்டோ நெஞ்சில் சிக்கி நிற்கும்போதுதான் பலருக்கு விஷயம் தெரிகிறது. இன்னொரு பக்கம், அமிலத்துக்கு ஈடுகொடுக்க உணவுக்குழாயின் உள்தோல் குடலின் தோல் மாதிரி மாறிக்கொள்ளும். பாரெட்ஸ் என்று பெயர். அதிலிருந்து புற்றுநோய் வரும் வாய்ப்பு சிறியது, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. உங்கள் டாக்டர் நிறுத்தக் கூடாது என்றதற்குக் காரணம் இவை. அதை உங்களிடம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் வாட்ஸ்அப் இவ்வளவு எளிதாக ஜெயித்திருக்காது.

நிறுத்தியதும் ஒரு வாரத்தில் முன்னைவிட மோசமானதற்கு வருவோம். அதில் உங்கள் நோய் பாதி, மருந்தின் பின்விளைவு பாதி. அமிலம் குறைந்திருக்கும் வயிறு, போதவில்லை என்று காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்துகொண்டே இருக்கும். மாத்திரை திடீரென்று நின்றதும் தடை விலகி, சில வாரங்களுக்கு அமிலம் பழைய அளவையும் மீறிப் பாயும். டென்மார்க்கில் 2009-ல் வெளியான ஆய்வில், வயிற்றுக் கோளாறே இல்லாத 120 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு 8 வாரம் ஈசோமெப்ரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். அடுத்த ஒரு மாதத்தில் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு எரிச்சல், எதுக்களிப்பு போன்ற தொல்லை வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம். ஆரோக்கியமான ஆட்களுக்கே இப்படி. இதைப் போதைப்பொருளோடு சேர்த்துப் பேசுவது தவறு. மனம் மாத்திரையைத் தேடி ஏங்குவதில்லை, அளவு நாளுக்கு நாள் ஏறுவதும் இல்லை.

கிட்னிக்கு வருகிறேன், உங்கள் மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள். அவர் பயப்படுவதில் முழுப் பொய் இல்லை. இந்த மாத்திரையால் மிக அரிதாகச் சிலருக்கு ஒவ்வாமை போலக் கிட்னியில் அழற்சி வரும். அதைத் தவிர நீங்கள் கேள்விப்படுகிற கிட்னி பாதிப்பு, எலும்பு முறிவு, மறதி நோய் எல்லாம் பெரும்பாலும் பழைய மருத்துவப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்த ஆய்வுகளிலிருந்து வந்தவை. அவற்றில் ஒரு சிக்கல் உண்டு. இந்த மாத்திரையை நாள்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் ஏற்கெனவே வயதானவர்கள், சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி மாத்திரை என்று பலதும் சாப்பிடுகிறவர்கள். கிட்னியைக் கெடுத்தது எது என்று பதிவேட்டிலிருந்து பிரிப்பது கடினம். 2019-ல் வெளியான ஒரு பெரிய பரிசோதனையில் 17,000-க்கும் மேற்பட்ட இதய நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குப் பான்டோபிரசோல் 40, மறுபாதிக்கு வெற்று மாத்திரை என்று ஏறக்குறைய 3 வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். கிட்னி நோய், எலும்பு முறிவு, மறதி நோய், நிமோனியா எதிலும் பொருட்படுத்தும்படி வித்தியாசம் இல்லை. குடல் தொற்று மட்டும் கொஞ்சம் கூடியது: 1.0 சதவீதத்துக்கு 1.4. மூன்று வருடத்தை வைத்துக்கொண்டு முப்பது வருடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. உங்களுக்கோ எதிர்ப்பக்கத்தில் இருப்பது ரத்தக்கசிவும் உணவுக்குழாய்ச் சுருக்கமும். தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பயத்தைக் கண்காணிப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒரு முறை கிரியாட்டினின் பாருங்கள். தனியாக இதற்கென்று இல்லாவிட்டாலும் 50 வயதுக்கு மேல் எப்படியும் பார்க்க வேண்டியதுதான். என்னைக் கேட்டால் கிட்னியைவிட நம் ஊரில் அதிகம் கவனிக்க வேண்டியது பி12. உணவிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்க வயிற்றுக்கு அமிலம் வேண்டும். சர்க்கரைக்குப் போடும் மெட்பார்மினும் பி12-ஐக் குறைக்கும். சைவ உணவில் அது ஏற்கெனவே குறைவு. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது தமிழ்நாட்டில் அபூர்வம் அல்ல. கால் மரத்துப்போவதையும் எரிவதையும் ‘சர்க்கரையால்’ என்று விட்டுவிடாமல் பி12 பார்க்கச் சொல்லுங்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தசைப்பிடிப்பு, படபடப்பு இருந்தால் மெக்னீசியம் பார்க்க வேண்டும். கால்சியம் மாத்திரையில் கால்சியம் கார்பனேட் என்று போட்டிருந்தால் சாப்பாட்டோடு சேர்த்துப் போடுங்கள், அல்லது சிட்ரேட்டுக்கு மாறுங்கள்.

இதுவரை சொன்னது உங்களுக்கு. இதைப் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் தன் மாத்திரையையும் ஆயுசுக்கும் தொடரப் போகிறாரே என்ற கவலை எனக்கு இருக்கிறது. இந்த மருந்தில் நம் ஊரின் சங்கடமே அதுதான். விடக் கூடாதவர் விட்டுவிடுகிறார், விட வேண்டியவர் வருடக்கணக்கில் சாப்பிடுகிறார். இருவருக்கும் ஒரே குறை, எதற்காக எழுதப்பட்டது என்பது தெரியாது.

விடக் கூடாதவர்கள் கொஞ்சப் பேர். கிரேடு சி, டி புண் உள்ளவர்கள், பாரெட்ஸ் உள்ளவர்கள், உணவுக்குழாய் சுருங்கி விரித்துவிட்டுக்கொண்டவர்கள். இன்னொரு கூட்டம் உண்டு, அவர்களுக்கு நெஞ்செரிச்சலே இருக்காது. ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்துச் சாப்பிடுகிறவர், முன்பு வயிற்றில் ரத்தம் கசிந்தவர், வயதான பின் மூட்டுவலி மாத்திரையை நிறுத்த முடியாதவர். இவர்களுக்கு இந்த மாத்திரை எரிச்சலுக்காக எழுதப்படவில்லை, ரத்தக்கசிவைத் தடுக்க எழுதப்பட்டது. ‘எனக்குத்தான் கேஸே இல்லையே’ என்று இதை மட்டும் விட்டுவிட்டு ஆஸ்பிரினைத் தொடர்கிறவர் கறுப்பு மலத்தோடு அவசரப் பிரிவுக்கு வருவார். குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர்களுக்கு ஓமெப்ரசோலும் ஈசோமெப்ரசோலும் வேண்டாம், அதன் வேலையைக் குறைக்கும். பான்டோபிரசோல் பரவாயில்லை.

மற்றவர்கள், அதாவது எண்டோஸ்கோபியில் புண்ணே இல்லாதவர்கள் அல்லது லேசான கீறல் மட்டும் இருந்தவர்கள், 8 வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு, டாக்டரிடம் சொல்லிவிட்டு, நிறுத்திப் பார்க்கலாம். நாற்பதிலிருந்து இருபதுக்கு இறங்கி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று போவது ஒரு வழி. நேராக நிறுத்துவதும் தவறில்லை. எப்படி நிறுத்தினாலும் முதல் சில வாரம் அமிலம் மேலேறும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்த வாரங்களை ஆன்டாசிட் சிரப், ஆல்ஜினேட் சேர்ந்த சிரப், அல்லது பேமோட்டிடின் வைத்து ஓட்டலாம். அதற்குப் பிறகும் தொல்லை இருந்தால் மறுபடி தொடங்கலாம், அல்லது தேவைப்படும்போது சில நாட்கள் மட்டும் சாப்பிடலாம். இவர்களுக்கு ‘எரிந்தால் மட்டும்’ சரி. உங்களுக்கு அது சரியில்லை.

அடுத்து வருவது மஞ்சப்பை. நாள்பட்ட நோயாளி யார் வந்தாலும் பையிலிருப்பதை மேசையில் கொட்டச் சொல்வேன். ரப்பர் பேண்டு போட்ட அட்டைகள் உருண்டு விழும். இதய டாக்டர் எழுதிய ரபிப்ரசோல், எலும்பு டாக்டர் எழுதிய ‘டி’ சேர்ந்த பான்டோபிரசோல், ஊர் டாக்டர் கொடுத்த ஓமெப்ரசோல் கேப்சூல். மூன்று நிறம், மூன்று பெயர், ஒரே மருந்துக் குடும்பம். மூன்றையும் தவறாமல் சாப்பிட்டுவிட்டு ‘மாத்திரையே சாப்பாடாகிவிட்டது’ என்று சொல்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். ‘பிரசோல்’ என்று முடிகிற பெயர் உங்கள் பையில் ஒன்றுக்கு மேல் இருந்தால் அடுத்த முறை டாக்டரிடம் இரண்டையும் காட்டுங்கள். கடையில் பாதி அட்டையை வெட்டித் தரும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கம் பல சமயம் கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது. மாதாமாதம் வாங்குகிற மாத்திரையை முழு அட்டையாகவே வாங்குங்கள்.

‘டி’ மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு. அது டோம்பெரிடோன், வாந்திக்கான மருந்து. ஐரோப்பிய மருந்து ஒழுங்காற்று அமைப்பு 2014-லேயே அதைக் குமட்டல், வாந்திக்கு மட்டும், வழக்கமாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் கொடுக்கச் சொல்லிவிட்டது. இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கக் கூடும் என்பதால். சில பெண்களுக்கு மார்பு கனக்கும், பால் கசியும். ஆனால் இங்கே அமில மாத்திரையோடு ஒட்டிக்கொண்டு அது வருடக்கணக்கில் உள்ளே போகிறது. வாந்தியும் குமட்டலும் இல்லாமல் ‘டி’ சேர்ந்த கேப்சூலை மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள், வெறும் மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

மாதக் கடைசியில் பணம் முடைப்பட்டால் முதலில் வெட்டு விழுவது இந்த மாத்திரைக்குத்தான், ஏனென்றால் சர்க்கரை மாத்திரையை விட்டால் வரும் பயம் இதில் வருவதில்லை. பான்டோபிரசோல், ஓமெப்ரசோல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும். பிரதமரின் மக்கள் மருந்தகங்களிலும், 2025-ல் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் கம்பெனிப் பெயர் இல்லாத மாத்திரையாகக் கேட்டால் விலையில் பெரிய வித்தியாசம் தெரியும். பெயர் மாறினாலும் மருந்தும் மில்லிகிராமும் அதேதானா என்று மட்டும் பாருங்கள். சாப்பாட்டு நேரத்தோடு எப்படியும் ஒத்துப்போக முடியாது என்பவர்களுக்கு வோனோபிரசான் என்று ஒரு புது வகை இருக்கிறது. ஜப்பானில் 2015 முதல் புழக்கத்தில் உள்ளது, இந்தியாவுக்கும் வந்துவிட்டது. அதற்குச் சாப்பாட்டுக் கணக்கு கிடையாது. உங்கள் மாதிரி கடுமையான புண்களை நன்றாகவே ஆற்றுகிறது. நீண்டகால அனுபவம் பழைய மருந்துகள் அளவுக்கு இன்னும் சேரவில்லை. எனவே நேரத்தைச் சரிசெய்து பார்த்த பிறகு, பலிக்காவிட்டால் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் நீட்டி முழக்கப் போவதில்லை. காரம், புளி, காபி எல்லாவற்றையும் எல்லாரும் விட வேண்டியதில்லை. எது உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ அதை மட்டும் விடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் 3 மணி நேரம் இருக்கட்டும். சீரியல் பார்த்துவிட்டு ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுப்பவருக்கு எந்த மாத்திரையும் முழுசாகக் கைகொடுக்காது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஆறு முதல் எட்டு அங்குலத்துக்கு மரக்கட்டை கொடுத்து உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், வயிறு அழுந்தும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். எடை கூடியிருந்தால் அதைக் குறைப்பதற்கு ஈடான வேறு வழி இல்லை.

விழுங்கும்போது நெஞ்சில் சிக்குவது, காரணமில்லாமல் எடை இறங்குவது, ரத்த வாந்தி, தார் மாதிரி கறுத்த மலம், ரத்தசோகை, இவற்றில் எது வந்தாலும் மாத்திரையின் நேரத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.

மறுபடி எண்டோஸ்கோபி வேண்டுமா என்றால், வேண்டும். கிரேடு சி புண் ஆறியிருக்கிறதா, அடியில் பாரெட்ஸ் ஒளிந்திருக்கிறதா என்று மருந்து கொடுத்து ஆற்றிய பிறகு ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும். புண் இருக்கும்போது பாரெட்ஸ் சரியாகத் தெரியாது. உங்களுக்கு அது இரண்டு வருடமாகத் தள்ளிப்போயிருக்கிறது. ஆனால் நாளைக்கே ஓட வேண்டாம். புதிய நேரப்படி 8 வாரம் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அதற்கு முன் பார்த்தால் ஆறாத புண் தெரியும், அது மருந்தின் தோல்வியா, பதினொரு மணி இட்லியின் தோல்வியா என்று உங்கள் டாக்டருக்குப் புரியாது. பரீட்சை இல்லாத வாரமாக ஒரு சனிக்கிழமைக்குத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டை, படங்களோடு, எடுத்துப் போங்கள். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வெறும் வயிறு. அன்று காலைத் தைராய்டு மாத்திரையை என்ன செய்வது என்று தேதி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். மயக்க ஊசி போட்டுச் செய்வதாக இருந்தால் துணைக்கு ஒரு ஆள் வேண்டும். மகனையே கூட்டிப்போங்கள், கிட்னி பற்றிய அவருடைய கேள்வியை டாக்டரிடம் நேரிலேயே கேட்டுக்கொள்ளட்டும்.